இன்ஜின் மூடிமேல் விரித்த துண்டு

டொரொன்டோ
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ‘நாலு மாசமா ஒரு வரி இல்லை’ என்று எடுத்தவுடனே எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். தப்பு என்னுடையதுதான். வாரம் ஒருமுறை போன் பண்ணுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் நீங்கள் ‘சாப்பிட்டியா, குளிரா’ என்று கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். அம்மாவிடம் போய் ஸ்பிரிங் பட்டையைப் பற்றிப் பேச முடியுமா? உங்களுக்கென்று சேர்ந்து கிடக்கும் பேச்சு நிறைய. இப்போது வேலை முன்பு மாதிரி இல்லை, வாரத்துக்கு மூன்று நாள்தான். அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

‘ஒத்தைப் பொம்பளைப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய வேன் எதுக்கு’ என்று பெரியப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஒருமுறை அதன் அடியில் குனிந்து பார்த்தால் கேட்க மாட்டீர்கள் அப்பா. இங்கே ஃபுல் சைஸ் வேன் என்கிறார்கள். ஐந்தரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். கார் மாதிரி ஒரே கூடு இல்லை, லாரிபோல் தனிச் சேஸிஸ், அதன்மேல் பாடி. பின்னால் பட்டை ஸ்பிரிங். எட்டு சிலிண்டர், 5.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 2011 மாடல். ஒரு பிளம்பர் குழாய் ஏற்றிக்கொண்டு ஓட்டியது. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். விலையை மட்டும் கேட்காதீர்கள். என்னிடம் இருந்த சின்னக் காரைக் கொடுத்துவிட்டுத்தான் இதை வாங்கினேன், கடன் எதுவும் இல்லை.

இங்கே பழைய வண்டி கைமாற சேஃப்டி சான்றிதழ் வேண்டும், நம் ஊர் எஃப்.சி. மாதிரி. லைசென்ஸ் உள்ள மெக்கானிக் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட தேதியிலிருந்து 36 நாளைக்குத்தான் செல்லும். விற்றவர் அதைக் காட்டினார். நான் பேப்பரைப் பார்க்கவில்லை. நீங்கள் டயரைக் கம்பியால் தட்டிச் சத்தத்திலேயே காற்றுக் கணக்குச் சொல்வீர்களே, அதேபோல் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் கதவுக்குக் கீழே உள்ள தகடு முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங் என்று வந்துகொண்டிருந்தது. வலது பின் சக்கரத்துக்கு முன்னால் ‘சொத்’தென்று ஒரு சத்தம். விரல் வைத்து அமுக்கினேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அந்த ஓட்டையைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன். அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டு அடித்தாயிற்று.

துருதான் இந்த ஊரில் வண்டிக்கு எமன். பனி உறையாமல் இருக்க ரோடு முழுக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடியில் போய் ஒட்டிக்கொண்டு தின்கிறது. பனிக்காலம் தொடங்குவதற்குள் வருஷா வருஷம் அடிப்பாகம் முழுக்க எண்ணெய் பீய்ச்ச வேண்டும். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டை இருக்குமே, அதை அடைத்துவிடக் கூடாது. வேனைக் கேம்பிங்குக்கு மாற்றுகிறேன் என்று ஃபோம் பீய்ச்சி அந்த ஓட்டைகளை அடைத்து, இரண்டு குளிர்காலத்தில் கதவையே இழந்தவர்களை இங்கே பார்த்திருக்கிறேன். நான் குளிரைத் தடுக்க 2.5 சென்டிமீட்டர் ஃபோம் பலகையை வெட்டி ஒட்டினேன், இரும்பு விலாக்களின் இடுக்கில் கம்பளி திணித்தேன். வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்திச் சுத்தமாக வைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடிகாலை ஆறு மணிக்கு வெளியே வந்து மரத்தில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதுவார். என்னைப் பார்த்தால் குட் மார்னிங் கிடையாது. ‘மைனஸ் 19’ என்பார். நானும் தலையாட்டுவேன். அன்றைக்குப் பேச்சு முடிந்தது. வளைந்த ஆணி எதையும் தூக்கிப் போடமாட்டார். சுத்தியலால் நிமிர்த்தி அளவுவாரியாக ஜாம் பாட்டில்களில் போட்டு வைத்திருக்கிறார். என் வேனில் அடித்திருக்கும் ஆணியில் பாதி அவர் நிமிர்த்தியவை.

கூரையில் காற்றோட்டத்துக்குக் காற்றாடி வைக்க 14 அங்குலத்துக்குச் சதுரமாக ஓட்டை போட வேண்டியிருந்தது. நல்ல தகட்டை வெட்ட எனக்குக் கை வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஏணியில் ஏறி இறங்கிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு அவர் தானாக வந்தார். மூன்று முறை அளந்தார், பென்சிலால் கோடு போட்டார், ரம்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான்தான் வெட்டினேன் அப்பா. ஓரத்தை அரத்தால் ராவி, பிரைமர் இரண்டு கோட் அடித்து, சுற்றிலும் பிசின் டேப் ஒட்டி உட்கார வைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு அவர் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி மேலே அனுப்பினார். அரத்தூள் ஒரு துளி கூரையில் தங்கினாலும் மறுநாள் காலையில் அங்கே துருப்பொட்டு வைத்துவிடும். அப்படியும் ஒரு மூலையை விட்டிருக்கிறேன். விடிந்ததும் ஏறிப் பார்த்தால் மிளகு தூவின மாதிரி பழுப்புப் புள்ளிகள். தேய்த்து எடுத்துவிட்டேன். அடுத்த மழையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

டிசம்பரில் ஒரு ராத்திரி வேன் எப்படிக் குளிரைத் தாங்குகிறது என்று உள்ளேயே படுத்துப் பார்த்தேன். காலையில் விழித்துப் பார்த்தால், ப்ளைவுட்டில் அடித்திருந்த ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. மேலே, பக்கவாட்டில், வரிசை வரிசையாக. பக்கத்தில் போய்ப் பார்த்தால் உறைபனி. ஸ்க்ரூவின் முனை உள்ளே இரும்பைத் தொடுகிறது, வெளிக்குளிர் அந்த வழியாகவே வந்துவிடுகிறது. நான் ராத்திரி முழுக்க விட்ட மூச்சுதான் அங்கே போய் உறைந்திருக்கிறது. பொழுது ஏறியதும் ஒவ்வொரு பொட்டும் கரைந்து தலையணையில் சொட்டியது. அப்புறம் சுவர் முழுக்கக் கம்பளித் துணி ஒட்டினேன், கூரைக் காற்றாடியைக் குளிரிலும் கொஞ்சம் திறந்தே வைக்கிறேன். இப்போது பொட்டு வருவதில்லை. அம்மா பயப்படுவாள், அவளிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

சூட்டுக்கு டீசல் ஹீட்டர். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விட்டுவிடும், உள்ளே சூடான காற்று மட்டும்தான் வரும். கேஸ் அடுப்பை எரித்துச் சூடு காய்வது தப்பு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக உள்ளேயே நிற்கும், விஷப்புகை பயம் வேறு. கார்பன் மோனாக்சைடு அலாரம் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன், ஜனவரி முழுக்க ஒருநாளும் அடிக்கவில்லை. ரசம் வைத்தால் மட்டும் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வைக்கிறேன். அம்மா அனுப்பிய பொடி இன்னும் இரண்டு மாதத்துக்கு வரும்.

பேட்டரி விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். வண்டிக்கு எப்போதும் போல லெட் பேட்டரிதான். அதைச் சார்ஜ் இறங்கவிடக் கூடாது. முழுசாக ஏறியிருந்தால் இந்தக் குளிரில் உறையாது, இறங்கிக் கிடந்தால் உறைந்து பெட்டியே விரிசல் விட்டுவிடும். விளக்குக்கும் காற்றாடிக்கும் தனியாக 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. அதற்கு நேர்மாறான குணம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றவே கூடாது, உள்ளே கெட்டுவிடும். அதனால் கட்டிலுக்கு அடியில் சூட்டிலேயே வைத்திருக்கிறேன். ஃப்யூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். வயர் போகும் வழியில் எங்கே உரசினாலும் தீப்பிடிக்காது.

அக்டோபரில் 17ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் சுப்பீரியர் ஏரிவரை ஓட்டிக்கொண்டு போனேன். ஏரி என்றுதான் பெயர், 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. கடல் மாதிரியே அலை அடிக்கிறது, ஆனால் உப்பு வாடை மட்டும் இல்லை. இந்த மாகாணத்தில் அரசு நிலத்தில் ஒரே இடத்தில் வருஷத்துக்கு 21 நாள் வரை இங்கே குடியிருப்பவர்கள் காசில்லாமல் தங்கலாம். அந்தச் சாலையில் இருட்டிய பிறகு நான் ஓட்டவில்லை. மூஸ் என்று ஒரு மான் வகை, எருமையைவிட உயரம். கால் நீளம் என்பதால் வண்டி காலில் மோதும், உடம்பு அப்படியே கண்ணாடிமேல் விழும். கறுப்பு நிறம், கடைசி நிமிஷம் வரை தெரியாது. நீங்கள் அத்தனை வருஷம் ராத்திரி லோடு ஓட்டியதை அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

அங்கேதான் ஸ்பார்க் பிளக் மாற்றினேன், ஒரு சிலிண்டர் தட்டுகிற மாதிரி இருந்தது. இந்த வேனில் இன்ஜினில் பாதி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், உள்ளேயேதான் இருக்கிறது. பின்னால் இருக்கும் பிளக்குகள் கைக்கு எட்ட வேண்டுமென்றால் உள்ளே இருந்து மூடியைக் கழற்ற வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும். ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில்தான் தொட வேண்டும் என்று மூடிமேல் கை வைத்துப் பார்த்தேன். சூடு. ஆயில் வாடை. அப்பா, அந்த வாடை நம் லாரி வாடைதான்.

ஆறாம் வகுப்பு லீவில் விஜயவாடா லோடுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனீர்கள். இன்ஜின் மூடிமேல் உங்கள் துண்டை நாலாக மடித்துப் போட்டு என்னைப் படுக்க வைத்தீர்கள். கன்னத்தில் அந்த அதிர்வு இன்னும் இருக்கிறது. தூக்கத்தில் நான் புரளும்போதெல்லாம் கியரை மாற்றிவிட்டு உங்கள் கை என் தோளில் வந்து நிற்கும். அன்றைக்கு ஏரிக்கரையில் நானே ஒரு துண்டை மடித்துப் போட்டுத் தலை வைத்துப் பார்த்தேன். சூடு போகும்வரை அப்படியே கிடந்தேன். உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது அப்பா. இந்த வருஷம் வர முடியுமா என்று தெரியவில்லை.

சரி, லாரி விஷயம். புரோக்கர் கேட்கிறான், கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் முட்டி இருக்கும் நிலையில் இனி ஓட்ட வேண்டாம், தம்பிக்கும் அதில் மனசு இல்லை. கொடுத்துவிடுங்கள். ஆனால் வாங்குகிறவன் பெயருக்கு ஆர்.சி. மாறும்வரை சும்மா இருக்காதீர்கள். 29, 30 இரண்டு ஃபாரத்திலும் கையெழுத்துப் போட்டு நீங்களோ தம்பியோ ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் கொடுங்கள். புரோக்கர் ‘நான் பார்த்துக்கறேன்’ என்றால் விட்டுவிடாதீர்கள். நாளைக்கு வண்டி எங்காவது மோதினால் யார் பெயரில் ஆர்.சி. இருக்கிறதோ அவரைத்தான் கோர்ட்டில் கேட்பார்கள். லோன் முடிந்ததற்கான கடிதம் பீரோவில் மேல் தட்டில், அம்மாவின் நகைச்சீட்டுப் பைக்குள் இருக்கிறது.

அந்தப் பணத்தில் முதலில் அம்மாவின் கண் ஆபரேஷன். வலது கண்ணில் ஒளி வட்டமாகத் தெரிகிறது என்கிறாள், இனி தள்ளிப்போட வேண்டாம். தம்பியின் பீஸை இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் நான் அனுப்பிவிடுவேன், அதற்கு லாரிப் பணத்தைத் தொடாதீர்கள். போன மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைந்துவிட்டது, வேனுக்குப் பனி டயர் நாலு வாங்க வேண்டியதாகிவிட்டது, வேறொன்றும் இல்லை. தங்கச்சிக்கு வந்திருக்கும் வரனை மாமா அவசரப்படுத்துகிறார் என்று தெரிகிறது. அவள் கடைசிப் பரீட்சை எழுதி முடிக்கட்டும். என் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

நான் இருந்த வீட்டை ஓனர் விற்றுவிட்டார். அதனால் அடுத்த கடிதத்தை எதிர்வீட்டுப் பெரியவர் முகவரிக்கே போடுங்கள், உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். வேன் அவர் வாசலில்தான் நிற்கிறது. ராத்திரி குளிர் கூடினால் அவர் தன் ஷெட்டிலிருந்து இன்ஜின் ஹீட்டருக்கு வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுத்தான் தூங்கப் போவார். அவர் வாசல் பனியை நான் தள்ளிவிடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

லாரியைக் கொடுக்கும்போது டூல் பாக்ஸையும் சேர்த்துக் கேட்பார்கள். ஸ்பேனர் செட்டைக் கொடுங்கள், ஜாக்கியைக் கொடுங்கள். டயர் தட்டும் கம்பியை மட்டும் எடுத்து வீட்டில் வையுங்கள்.

அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் தம்பிக்கும் என் அன்பு. பெரியப்பாவுக்கு வணக்கம்.

உங்கள்
பாப்பா