கடிகாரமும் அமைச்சர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பிய ஒன்றியப் போக்குவரத்து அமைச்சர்களின் அடுத்த கூட்டத்திலாவது கடிகார விவகாரம் பேசப்படுமா? ஆண்டுக்கு இருமுறை, மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று முள்ளை ஒரு மணி நேரம் நகர்த்தும் வழக்கத்தைக் கைவிடலாம் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2018-இல் முன்மொழிந்தது. அதற்குமுன் நடந்த கருத்துக்கேட்பில் 46 லட்சம் பேர் பதிலளித்தனர். 84 சதவீதத்தினர் இப்படி முள்ளை நகர்த்தும் வழக்கமே வேண்டாம் என்றனர். (பெரும்பகுதி பதில்கள் ஜெர்மனியிலிருந்தே வந்தவை என்பதையும் மறைக்கக் கூடாது.) 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒப்புதல் அளித்தது. அதன்பின் கோப்பு அமைச்சர்கள் மன்றத்தில் உறங்கிப் போனது.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் ரயில், விமான அட்டவணைகள் என்னாகும்? பிரிட்டன் வழக்கத்தைத் தொடர்ந்தால், அயர்லாந்துத் தீவிலேயே ஆண்டின் ஒரு பாதிக்கு இரண்டு நேரங்கள் இருக்கும். இவை நியாயமான கேள்விகள்தான். ஆனால் முதலில் விரிவான தாக்க ஆய்வு வேண்டும் என்று அமைச்சர்கள் சொல்ல, முடிவெடுக்க வேண்டியது அவர்களே என்று ஆணையம் சொல்ல, ஆண்டுகள் ஓடின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமை நாடு மாறும் அமைப்பில் பழைய கோப்பை யாரும் விரும்பித் தொடுவதில்லை. இத்தனைக்கும், இதற்கு ஒருமித்த சம்மதம் தேவையில்லை. 65 சதவீத மக்கள்தொகையைக் கொண்ட 15 நாடுகள் ஆதரித்தால் போதும். அந்த வாக்கெடுப்பை நடத்தித்தான் பார்க்கட்டுமே!

இப்படிக்கு,
ஒரு வாசகர்