மறைந்துபோனவர்கள் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் மேசா வெர்டே மலைக்குடியிருப்புகள் பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ‘மாயமாய் மறைந்த அனசாசி இனம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது உறுத்தியது.

நானும் அங்கே போயிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் டென்வரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது மருமகன் காரில் கூட்டிப்போனார். கொலராடோவின் தென்மேற்கு மூலை. 7,000 அடி உயரம் இருக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ‘கிளிஃப் பேலஸ்’ என்ற குடியிருப்பைப் பார்க்கச் சீட்டு வாங்கி, பூங்காக் காவலர் பின்னால் ஏணி ஏற வேண்டும். ஒரே பாறைக் குடைவுக்குள் சுமார் 150 அறைகள்!

ஆயுசு முழுக்கக் கட்டட மேற்பார்வை பார்த்தவன். என் கண் சுவரை விட்டு நகரவில்லை. இரும்பே இல்லாமல், கடினமான கல்லால் மணற்கல்லைக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். மண்ணும் சாம்பலும் குழைத்த சாந்து. இடுக்குகளில் சில்லுக்கல், நம் கொத்தனார்கள் கருங்கல் கட்டில் செருகுவது போலவே. ஓரிடத்தில் சாந்தை அழுத்திய விரல் தடம் அப்படியே இருந்தது. என் சுண்டுவிரலைவிடச் சிறியது. பெண்ணோ, பிள்ளையோ! தொடக்கூடாது என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் எங்கும் மறைந்துவிடவில்லை. 1276 முதல் 1299 வரை கடும் வறட்சி என்று பழைய மரங்களின் ஆண்டு வளையங்கள் சொல்கின்றன. சண்டை சச்சரவும் இருந்திருக்கிறது. 1300 வாக்கில் ஊரைக் காலி செய்து தெற்கே போனார்கள். வாரிசுகள் ஹோப்பி, ஜூனி, ஆகோமா என்று அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் இன்றும் மக்காச்சோளம் விதைக்கிறார்கள். 1891-ல் சுவீடன்காரர் குஸ்டாஃப் நோர்டன்ஷோல்ட் தோண்டி எடுத்துப்போன முன்னோர் எலும்புகள், பின்லாந்து அருங்காட்சியகத்திலிருந்து 2020-ல் திரும்பி வந்து மேசா வெர்டேயிலேயே புதைக்கப்பட்டன. கேட்டு வாங்கியவர்கள் இந்த வாரிசுகள்தான். மறைந்துபோன இனம் எலும்பைக் கேட்டு வருமா?

‘அனசாசி’யும் அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அல்ல. நவஹோ என்ற வேறொரு பழங்குடியினரின் மொழிச் சொல். ‘பகைவரின் முன்னோர்’ என்று பொருள் சொல்வார்கள். புவெப்லோ மக்கள் எனப்படும் இந்த வாரிசுகளுக்கு அது பிடிப்பதில்லை. ‘புவெப்லோ முன்னோர்’ என்றே போடலாமே.

இன்னொன்று. மூன்றாவது படத்தின் கீழ் ‘தானியக் குழி’ என்று இருக்கிறது. அது கிவா, சடங்குக்கும் கூடிப் பேசவும் கட்டிய அறை. அன்று மேலே கூரை இருந்தது, ஏணி வைத்து உள்ளே இறங்கினார்கள். திருத்தம் வெளியிட்டால் நல்லது.

ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
பாளையங்கோட்டை