கெடு, கெட்டு, லெட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நல்ல சுகம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

கேத் லேபில், அதாவது இதயக் குழாய்களை எக்ஸ்ரேயில் பார்த்துச் சிகிச்சை செய்யும் அறையில், நீ 'லெட்' ஏப்ரன் கேட்டபோது அந்த டெக்னீஷியன் இரண்டு தடவை "என்ன, என்ன" என்றார் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. "என் இங்கிலீஷே சரியில்லம்மா" என்று நீ சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றி விவரமாக எழுதினால்தான் எனக்கு ஆறும்.

எல், ஈ, ஏ, டி. இந்த நாலு எழுத்துக்குள் இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன. எக்ஸ்ரே கதிரைத் தடுக்க நீ மாட்டிக்கொள்ளும் ஏப்ரனில் இருப்பது காரீயம், அது லெட். நோயாளியின் உடம்போடு இணைத்து ஈசிஜி எடுக்கும் ஒயர் லீட். உன் அறையில் இரண்டுமே இருக்கின்றன என்பதுதான் சங்கடம்.

எகரமும் ஈகாரமும் நமக்குப் புதிதா என்ன? அரிச்சுவடியிலேயே படித்த ஒலிகள். சிக்கல் கடைசி எழுத்தில். நாம் மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல்லோடு ஓர் உகரத்தை ஒட்டி 'லெட்டு' என்கிறோம். டகரம் இரட்டித்தால் வல்லோசையாகிவிடும். 'கெடு' என்று சொல்லிப் பார், பிறகு 'கெட்டு' என்று சொல்லிப் பார். 'கெடு'வில் வரும் டகரம்தான் ஆங்கில 'டி'க்கு (D) கிட்டத்தில் நிற்கிறது. 'கெட்டு'வில் வருவது அவர்கள் காதில் 'டீ' (T) எழுத்தாக விழும். நீ காரீய ஏப்ரனைக் கேட்டாய், அவர் காதில் விழுந்தது 'அனுமதி' என்ற பொருளுள்ள வேறொரு 'லெட்'. அவர் விழித்ததில் ஆச்சரியமே இல்லை. 'லெடு' என்று ஆரம்பித்து உகரத்தை மட்டும் விழுங்கிவிடு, எகரத்தில் ஒரு துளி கூடுதலாக நில். 'லீட்' உனக்குத் தானாகவே சரியாக வரும், ஏனென்றால் அங்கே நம் 'வீடு' கை கொடுக்கிறது.

ஒரே எழுத்துக்குள் இரண்டு சொல் இருப்பது நம்மிடமும் இல்லாமல் இல்லை. 'பாவம்' என்று எழுதினால் செய்த பாவமா, பாட்டில் வரும் பாவமா என்று வாக்கியத்தைப் பார்த்துத்தானே உதட்டை அமைக்கிறோம்!

ஆங்கிலத்தில் இப்படி ஆனதற்கு வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்திலேயே இவை வேறு வேறு சொற்கள். உலோகத்தின் பெயரில் இருந்த நெடில் காலப்போக்கில் குறுகிப்போனது. பிரெட், ஹெட், டெட் எல்லாம் அப்படிக் குறுகியவைதாம். 'வழிநடத்து' என்று பொருள்படும் லீட்டில் நெடில் அப்படியே நின்று ஈகாரமானது. 1476-இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அதற்குப் பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துவிட்டது, ஆனால் நாக்கு மாறிக்கொண்டே போனது.

அச்சு என்றதும் உங்கப்பா ஞாபகம் வருகிறது. கம்பாசிங்கில், அதாவது அச்சுக்கு எழுத்துகளைக் கோக்கும் வேலையில், வரிக்கும் வரிக்கும் நடுவே இடைவெளி விட ஒரு மெல்லிய ஈயத் தகடு சொருகுவார்கள், அதற்குப் பெயரே லெட். எழுத்துகளும் காரீயம், வெள்ளீயம், ஆன்டிமணி கலந்து வார்த்தவை என்பதால் சாப்பாட்டுக்கு முன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் வரி இடைவெளியைச் சரிசெய்கிறவர்களும் அதை 'லெடிங்' என்றுதான் சொல்கிறார்கள், ஈயம் போய் எத்தனையோ வருஷமாகியும். பென்சில் 'லெட்'டில் ஈயமே கிடையாது, அது கிராஃபைட். அந்தக் காலத்தில் அதைக் காரீயத்தில் ஒரு வகை என்று நினைத்து வைத்த பெயர்.

லீட் பக்கம் போனால் அதற்கு முடிவே இல்லை. உன் ஊரில் நாயைப் பிடித்துப் போகும் வாரும் லீட், சுவரிலிருந்து கரண்ட் இழுக்கும் ஒயரும் லீட். துப்பறிகிறவருக்குக் கிடைக்கும் துப்பு, நாடகத்தின் முக்கிய வேஷம், பத்திரிகையின் தலைப்புச் செய்தி எல்லாம் அதே சொல். உன் வேலையில் வருவதுதான் இவற்றில் நுட்பமானது. பன்னிரண்டு லீட் ஈசிஜிக்கு நீ ஒட்டுவது பத்தே எலக்ட்ரோடு, நெஞ்சில் ஆறு, கைகால்களில் நாலு. அப்படியானால் அங்கே லீட் என்பது ஒயரின் எண்ணிக்கை இல்லை, இதயத்தின் மின்னோட்டத்தைப் பன்னிரண்டு கோணத்தில் பார்க்கும் பார்வை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதை நீயே சொல்லிக்கொடு.

இன்னொன்று. 'வழிநடத்தினான்' என்ற இறந்தகாலத்துக்கு எல், ஈ, டி மட்டும்தான் எழுத வேண்டும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் நடுவில் ஏ-யைச் சேர்த்துத் தப்பாக எழுதுவதை இன்றும் பார்க்கிறேன். 'ரீட்' இறந்தகாலத்தில் எழுத்து மாறாமல் 'ரெட்' ஆவதைப் பார்த்து இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். லெட் செப்பலின் என்ற ராக் இசைக்குழு, ஜனங்கள் 'லீட்' என்று வாசித்துவிடக் கூடாதென்றே தன் பெயரில் ஏ-யை எடுத்துவிட்டது. அவர்கள் ஊரிலேயே இந்தப் பாடு என்றால் நீ எதற்குத் தலைகுனிய வேண்டும்?

அவசரத்தில் 'எக்ஸ்ரே ஏப்ரன்' என்றே கேள். உயிர் காக்கிற இடத்தில் உச்சரிப்புப் பரீட்சை வேண்டாம். நிதானமான நேரத்தில் லெட் என்று சொல்லிப் பழகு.

உன் வார்டில் இதே ரகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. டபிள்யூ, ஓ, யூ, என், டி: காயம் என்றால் வூண்ட், சுற்றினது என்றால் வவுண்ட். காயத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது என்பதை அந்த இரண்டையும் வைத்து ஒரே வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லு, ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா