ஊர் பெயர் இல்லாத கல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரெட்டியார்பட்டி மலையில் அமைந்திருக்கும் பொருநை அருங்காட்சியகத்தைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். ஆதிச்சநல்லூர்ப் பானை, கொற்கைச் சங்கு, 3,200 வருஷத்துச் சிவகளை நெல் என்று படிக்கப் படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. எனக்கு அங்கே புதைபடிவத்துக்கும், அதாவது பழங்கால உயிர்கள் பதிந்த கல்லுக்கும், ஒரு மூலை வேண்டும். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் பல்செட் செய்து கொடுக்கிறவன். பல் டாக்டர்கள் கழித்துப் போடும் முனை தேய்ந்த ஊசிகள் இருக்கின்றனவே, கல்லில் ஒட்டிய மண்ணைச் சுரண்ட அதைவிடத் தோதான கருவி கிடையாது. ரிட்டயர்ட் பேங்க்காரரான அண்ணாச்சி ஒருவர் அந்த ஊசிகளைக் கேட்டு வரப்போய்த்தான் புதைபடிவம் பொறுக்கும் கிறுக்கு எனக்கும் தொற்றியது.

போன பிப்ரவரியில் அண்ணாச்சியின் காரில் நாலு பேர் கிளம்பினோம். அவர், ஜியாலஜி படிக்கும் அவர் மகள், ஒரு டிராக்டர் மெக்கானிக், நான். விடியற்காலை மூன்று மணிக்கு வண்ணார்பேட்டை. சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டிப் பாடாலூரில் கிழக்கே திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. ஊட்டத்தூர் வழியாக, புதைபடிவத்துக்குப் பேர்போன அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் இருக்கும் காரை என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

காரையில் மரம் இல்லை, நிழல் இல்லை. மழைநீர் அறுத்து அறுத்துப் போட்ட களிமண் மேடுகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. நடுநடுவே கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ மின்னியது. எடுத்துப் பார்த்தால் ஜிப்சம்! இதைப் பொடித்து வறுத்தால் வருவதுதான் நான் தினமும் கையில் குழைக்கிற பிளாஸ்டர். என் கடைச் சரக்கைத் தரையில் பார்த்த சந்தோஷத்தில் வந்த வேலையை மறந்துபோனேன்.

"மாமா, காலடியைப் பாருங்க" என்றாள் அந்தப் பெண். துப்பாக்கித் தோட்டா மாதிரி கூரான கல் ஒன்று கிடந்தது. பெலம்னைட் என்றாள். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம், அதன் உடம்புக்குள் இருந்த கெட்டியான பாகம். நம் கடற்கரையில் கணவாய் ஓடு பொறுக்காத பிள்ளை உண்டா? அதே கதைதான், பத்துக் கோடி வருஷம் பழசு. கொஞ்சம் தள்ளி ஓடைச் சரிவில், கிடாய்க் கொம்பு மாதிரி வரிவரியாகச் சுருண்டு, என் உள்ளங்கை அளவில் ஓர் அம்மோனைட் பாதி வெளியே தெரிந்தது. சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிர், டைனோசரோடு சேர்ந்து ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் அற்றுப்போன இனம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு, "இதுக்காவா திருநெல்வேலிலேர்ந்து வந்தீங்க?" என்று சிரித்தார். நிலம் யாருடையது என்று கேட்டு, அனுமதி வாங்கி, மேலே உதிர்ந்து கிடந்ததை மட்டும்தான் எடுத்தோம்.

மறுநாள் கருடமங்கலம் பக்கம் கொஞ்சம் பொறுக்கினோம். அப்புறம் சாத்தனூர். அங்கே கல்லாகிப் போன 18 மீட்டர் மரம் வேலிக்குள் படுத்திருக்கிறது. பார்க்கலாம், தொடக்கூடாது. சரியான ஏற்பாடு.

இனிதான் என் தப்பு. ஒவ்வொரு கல்லோடும் இடம், தேதி எழுதிய துண்டுச்சீட்டு வைத்துப் பேப்பரில் சுற்றி, எல்லாவற்றையும் ஒரே சிமெண்ட் சாக்கில் போட்டிருந்தேன். சீட்டு எழுதியது ஜெல் பேனாவில். திரும்பும் வழியில் டிக்கியில் தண்ணீர்க் கேன் சாய்ந்து, மூடி கழன்று, மொத்தமும் சாக்கில் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பிரித்தால் சீட்டெல்லாம் நீலக் கூழ். எந்தக் கல் காரை, எந்தக் கல் கருடமங்கலம்? கொம்புக்கல்லைத் தவிர ஒன்றையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதிலும் எந்த ஓடை, எந்தச் சரிவு என்பது போய்விட்டது. ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் சாக்கோடு கொண்டுபோனேன். ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடம் தெரியாட்டா இது பேப்பர் வெயிட்தான்" என்றார். ராத்திரி தூக்கமே வரவில்லை.

அவர் காட்டிய பழைய பதிப்பில் 1860களில் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா விவரித்து எழுதிய அம்மோனைட்டுகளைப் பார்த்தேன். நிலவியலாளர் பிளான்ஃபோர்டும் கூட்டாளிகளும் ஊர் ஊராகச் சேர்த்தவை. ஒவ்வொன்றுக்கும் ஊர் பெயர் இருக்கிறது. நம் ஒதியம் கிராமத்தை, ஆங்கிலத்தில் வெறுப்பு என்று அர்த்தம் வரும்படி 'ஓடியம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். போகட்டும், எழுதினார்களே! அதை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் அந்தந்த ஊருக்கே போய் நிற்க முடிகிறது. மாட்டு வண்டிக் காலத்துக் கல்லுக்கு விலாசம் இருக்கிறது, நான் காரில் கொண்டுவந்த கல்லுக்கு இல்லை.

இதற்கப்புறம்தான் நம் பக்கத்தை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தோம். மணப்பாட்டுக் குன்றின் அடியில் அலை அரித்த பாறையில் சிப்பித் துணுக்குகள் பதிந்திருக்கின்றன. உள்ளே வந்தால் வாசற்படியிலும் மாட்டுத் தொட்டியிலும் சிப்பி தெரியும் கல் அங்கங்கே கிடைக்கிறது. "அது சிப்பிக்கல்லுல்லா, எங்க மாமனார் காலத்துல போட்டது" என்று ஒரு ஆச்சி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள். அரியலூர்க் கல்லுக்கு முன்னால் இதெல்லாம் நேற்றுப் பிறந்த பிள்ளை. ஆனால் கடல் எங்கே நின்றது, எப்போது விலகியது என்று சொல்லக்கூடியவை இவைதாம். கொற்கைத் துறைமுகம் இன்றைக்குக் கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிற கதைக்கு இவை முன்கதை. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883லேயே மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதிவிட்டுப் போனார். நாம் அந்தக் கல்லை உடைத்துக் காம்பவுண்டுச் சுவர் கட்டுகிறோம்.

மணப்பாட்டில் நான் ஒன்றையும் பெயர்க்கவில்லை. பல் அளவெடுக்கும் ஆல்ஜினேட் பவுடரைத் தண்ணீரில் குழைத்துச் சிப்பியின் மேல் அப்பி, மூன்று நிமிஷத்தில் உரித்தெடுத்தேன். கடல்பாசியிலிருந்து வருகிற சரக்கு அது. சும்மா வைத்திருந்தால் சுருங்கிவிடும் என்பதால் கார் டிக்கியில் வைத்தே பிளாஸ்டர் ஊற்றினேன். சிப்பியின் வரி ஒன்றுகூடத் தப்பவில்லை. பாறையைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வந்தோம். வார்ப்பின் பின்பக்கம் இடமும் தேதியும் ஈரத்திலேயே கீறியிருக்கிறேன், எந்தத் தண்ணீர்க் கேனும் அழிக்க முடியாது.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. பொருநை அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு பதிவு நோட்டு, வாரத்தில் ஒரு நாள் விவரம் தெரிந்த ஒருவர். கிணறு வெட்டும்போது சிப்பிக்கல்லோ எலும்போ வந்தால் கொண்டுபோய்க் காட்டி, எந்த ஊர், எத்தனை அடி ஆழம் என்று எழுதிவிட்டு வர ஓர் இடம். இப்படிப்பட்ட இடங்களையும் பொருள்களையும் பாதுகாக்க 2022 டிசம்பரில் மத்திய சுரங்கத் துறை அமைச்சகம் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. டெல்லியின் சட்டம் வேறு, நம் ஊர் நோட்டு வேறு. நோட்டுப் போட மசோதா எதற்கு?

அலமாரியில் வைக்கவும் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கவும் வார்ப்பு வேண்டுமானால் நானே எடுத்துத் தருகிறேன், பிளாஸ்டர் செலவு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவுதான். நோட்டில் எழுதப் பென்சில் மட்டும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பல்செட் செய்பவன்,
பாளையங்கோட்டை.