வாசனை சேர்க்கும் பதம்

பாலக்கோடு,
தை 6.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று நீ தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. உன் வீட்டு மிக்ஸி மீதியை விழுங்கிவிட்டது. ஆகவே எழுதியே அனுப்புகிறேன். தராசுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்.

நீ வீட்டில் போட்ட சோப்பு இரண்டு முறையும் கெட்டதற்குக் கலவையில் ஊற்றிய வாசனைத் தைலமே காரணம் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். இரண்டாம் முறைக்கு அது பொருந்தும். முதல் முறை கெட்டது ஓசூர்க் குளிரால். மார்கழிக் காலையில் உன் அடுக்களையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கிவிடும். அரைகுறையாக உருகிய எண்ணெயில் ஆறிப்போன காரக் கரைசலை, அதாவது காஸ்டிக் சோடா கரைத்த நீரை, நீ ஊற்றியதும், எண்ணெய் குளிர்ந்து கெட்டிப்பட்டிருக்கிறது. அதையே ட்ரேஸ், அதாவது எண்ணெயும் காரமும் ஒன்றுகூடிக் கெட்டிப்படும் பதம், என்று எண்ணித் தைலத்தைச் சேர்த்து அச்சில் வார்த்துவிட்டாய். மறுநாள் மேலே எண்ணெயும் அடியில் காரநீருமாகப் பிரிந்து நின்றதற்கு அதுவே காரணம். அதில் காரம் அப்படியே இருக்கும். சின்னவன் கைக்கு எட்டாத இடத்தில் மூடி வை, நான் வரும்போது மறுபடியும் காய்ச்சிச் சரிசெய்துகொள்ளலாம்.

இனிமேல் எண்ணெயும் காரக் கரைசலும் இரண்டுமே 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது சேர். ஐயம் வந்தால் பாத்திரத்தைச் சிறிது நேரம் வெந்நீரில் இறக்கி வைத்துப் பார்: குளிரால் வந்த கெட்டி இளகிவிடும், உண்மையான ட்ரேஸ் இளகாது.

அந்த உண்மையான பதத்தைத்தான் நீ கண்ணால் பழக வேண்டும். எத்தனை நிமிடம் அடிக்க வேண்டும் என்று கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை, வெல்லப்பாகுக்கு யாராவது கடிகாரம் பார்ப்பார்களா? ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டு, இடையில் நிறுத்திக் கரண்டியாலும் கிளறு. முதலில் கலவை பளபளவென்று எண்ணெய்க் கோடுகளோடு சுழலும். பிறகு கோடுகள் மறைந்து, பாத்திரத்தின் ஓரத்திலும் எண்ணெய் மினுக்கம் இல்லாமல், கேழ்வரகுக் கூழைக் கரைத்தாற்போல ஒரே நிறமாகும். அப்போது பிளெண்டரை நிறுத்திவிட்டுத் தூக்கிப் பார். அதிலிருந்து சொட்டும் துளி கலவையின் மேல் ஒரு கோடு போட்டு, கண் இமைக்கும் நேரம் நின்று, பிறகு அமிழ வேண்டும். வாசனை ஊற்ற வேண்டிய பதம் அதுதான். கோடு அமிழாமல் இட்லி மாவில் கரண்டி இழுத்ததுபோல நின்றுவிட்டால் நீ பிந்திவிட்டாய். தைலம் சீராகக் கலக்காமல் ஆங்காங்கே தேங்கி, பின்னர் கட்டியிலிருந்து கசியும்.

ட்ரேஸ் வந்துவிட்டால் காரம் தீர்ந்துவிட்டது, இனி வாசனைக்கு ஆபத்தில்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பாய். அது சரியன்று. சோப்பாக மாறும் வேலையின் பெரும்பகுதி அச்சில் ஊற்றிய பிறகு, அடுத்த ஒரு நாளில்தான் நடக்கிறது. தைலம் எப்படியும் காரத்தைச் சந்தித்தே தீரும். அந்தப் பதத்தில் ஊற்றுவது சீராகக் கலப்பதற்காகவும், அச்சில் வார்க்க நமக்கு அவகாசம் இருப்பதற்காகவும்தான்.

எண்ணெயிலேயே முதலில் கலந்துவிட்டால் என்ன என்று கேட்டாயே, அது தைலத்தின் குணத்தைப் பொறுத்தது. எலுமிச்சைப்புல் தைலம் சாது. முன்னதாகக் கலந்தாலும் பெரிய தொல்லை தராது. உன் மல்லிகைத் தைலம் அப்படியன்று. பூ வாசனைகளில் பலவும், கிராம்பும் இலவங்கப்பட்டையும் கலவையைச் சட்டென்று கெட்டியாக்கிவிடும். இரண்டாம் முறை நீ நன்றாகக் கெட்டிப்படும்வரை அடித்து, அதன்பின் மல்லிகையை ஊற்றி, மறுபடியும் பிளெண்டரை ஓட்டியிருக்கிறாய். அது ராகிக் களியாகி, துடுப்பைப் போட்டாலும் அசையாமல் நின்றதில் வியப்பென்ன? அத்தகைய தைலத்துக்கு ட்ரேஸ் வரும்வரை காத்திருக்கவே கூடாது. எண்ணெய்க் கோடுகள் மறைந்த அந்தக் கணத்திலேயே பிளெண்டரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முன்கூட்டியே எடுத்து வைத்த இரண்டு கரண்டி எண்ணெயில் தைலத்தைக் கலந்து ஊற்றி, மத்தால் மட்டும் கிளறி, உடனே அச்சில் வார்த்துவிடு. வெப்பத்தையும் 35 டிகிரிக்கு இறக்கிக்கொள். குருணை குருணையாகத் திரிந்தால் மட்டும் ஒருமுறை பிளெண்டரை ஓட்டலாம். உடம்பில் அடிக்கும் சென்ட்டை ஒருபோதும் ஊற்றாதே. அதிலுள்ள ஆல்கஹாலும் கலவையைக் கல்லாக்கிவிடும்.

காசு கொடுத்து வாசனைத் தைலம் வாங்குவானேன், பூ விளையும் ஊரில் பூவையே போடலாமே என்று எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. தர்மபுரிப் பூ மார்க்கெட்டில் ஒரு படி குண்டுமல்லி வாங்கி வந்து, தேங்காய் எண்ணெயில் நாளுக்கு ஒருமுறை பூவை மாற்றி மாற்றி ஒரு வாரம் ஊறவைத்தேன். எண்ணெய் கமகமவென்றிருந்தது, உன் அப்பா தலையில் தேய்க்கக் கேட்டார். சோப்பு ஆறியதும் முகர்ந்து பார்த்தால் மல்லிகையின் சாயலே இல்லை. அலங்காரத்துக்கு மேலே பதித்த மொட்டுகளோ கருத்து, கரப்பான் பூச்சி உட்கார்ந்தாற்போல இருந்தன. உன் ஊர் ரோஜாவைப் பார்த்து அதே ஆசை உனக்கு வந்தால் இதை நினைத்துக்கொள்.

நாத்தனார் வளைகாப்புத் தாம்பூலப் பைக்கு அறுபது கட்டி வேண்டும் என்றாய். ஒரு கிலோ எண்ணெய்க்கு 100 கிராம் கட்டி பதினான்குதான் தேறும் என்பதால் ஐந்து முறை போட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போடத் துணியாதே. அதற்கு மல்லிகை வேண்டாம். ஆரஞ்சும் வேண்டாம், ஆறுவதற்குள் பறந்துவிடும். எலுமிச்சைப்புல்லும் வெட்டிவேரும் சேர்த்துப் போடு. வெட்டிவேர் தானும் நிற்கும், பக்கத்திலிருப்பதையும் பிடித்து நிறுத்தும். ஒரு கிலோ எண்ணெய்க்கு இரண்டும் சேர்ந்து 30 கிராமுக்கு மேல் போகக்கூடாது. எண்ணெய்க்கு எவ்வளவு காரம் என்று போடும் கணக்கில் இந்த எடையைச் சேர்க்காதே, தைலம் சோப்பாக மாறும் எண்ணெய் அன்று. மற்றபடி கையுறை, கண்ணாடி, அலுமினியப் பாத்திரம் கூடாது, தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததே.

வெட்டியபின் நான்கு வாரமாவது காற்றில் ஆற வேண்டும். மாசி கடைசியில் வளைகாப்பு என்றால், அடுத்த வாரத்திற்குள் ஐந்து முறையும் போட்டு முடித்துவிடு. சனிக்கிழமை அப்பா ஓசூர் வருகிறார். வெட்டிவேர்த் தைலமும் என் வெப்பமானியும் கொடுத்தனுப்புகிறேன். களியாகிப்போன அந்த மல்லிகைச் சோப்பை எறிந்துவிடாதே; ஆறு வாரம் ஆறட்டும், துணி துவைக்க எனக்கு வேண்டும்.

அன்புடன்,
அம்மா