இடைவேளை இல்லாத ஊரிலிருந்து

பெர்லின்
23 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நான் நலம். போன வாரம் போனில் ‘மெய்யழகன்’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்ததே, அப்போது நான் உனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. “ரெண்டு பேர் ராத்திரி பூரா பேசிக்கிட்டே இருக்காங்க, ஒரே இழுவை, அதுல அப்படி என்னத்தக் கண்ட?” என்று கேட்டாய். யாரோ வாசலில் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாய். அந்தக் கேள்வி ஒரு வாரமாக மனசிலேயே கிடக்கிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, இங்கே கடைகளெல்லாம் பூட்டியிருக்கும். நாலு மணிக்கே இருட்டியும்விட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இங்கே படம் பார்ப்பது எப்படி என்று சொன்னால்தான் மற்றது புரியும். இந்த ஊரில் படத்துக்கு இடைவேளை கிடையாது. விளம்பரமும் டிரெய்லரும் நீளமாக ஓடும். அப்புறம் படம் ஆரம்பித்தால் முடிகிறவரைக்கும் விளக்குப் போட மாட்டார்கள். நான் போன தமிழ்ப் படங்களுக்கும் அப்படித்தான். திரையில் ‘இடைவேளை’ என்று எழுத்து வரும், அடுத்த நொடியே அடுத்த காட்சி ஓட ஆரம்பித்துவிடும். இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பிடிபட்டது. நம் ஆட்கள் அந்த ஒரு எழுத்துக்காகவே பாதிப் படத்தை எடுக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு சண்டையோ, ஒரு திடுக்கிடலோ இருந்தே ஆக வேண்டும் என்று கதையை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். நாம் எழுந்து வெளியே போய் அதைப் பற்றிப் பேசும்போது அது பெரிசாகத் தெரிகிறது. எழுந்து போகாமல் தொடர்ந்து பார்த்தால், அவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று தோன்றிவிடுகிறது.

‘கூலி’யில் எனக்கு அதுதான் நடந்தது. ஆகஸ்ட் 14, முதல் நாளே போனோம். 1975இல் ‘அபூர்வ ராகங்க’ளில் கேட்டைத் திறந்துகொண்டு வந்த மனிதர், 50 வருஷம் கழித்தும் திரையில் வந்து நின்றால் இந்தக் குளிர் நாட்டில்கூட ஒரு அரங்கம் எழுந்து நிற்கிறது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை மறைக்க மாட்டேன். விசில் பறந்தது. டிக்கெட் கிழிக்கிற பையன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, படத்தில் ஏதாவது கோளாறா என்று என்னிடம் கேட்டான். இங்கே ஒரு நிகழ்ச்சியில் விசில் அடித்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். பிடித்துப்போய்த்தான் அடிக்கிறார்கள் என்று சொன்னேன். ஆனால் அக்கா, ரஜினி போதாது என்று நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர் கான் என்று ஆள் மேல் ஆளாக இறக்கினார்களே தவிர, கதைக்கு யாரும் மெனக்கெடவில்லை. எனக்கு மனசில் நின்றது சௌபின் ஷாஹிர்தான்.

ஹாலிவுட் படங்களையெல்லாம் இங்கே ஜெர்மனில் டப் செய்துதான் போடுகிறார்கள். ஒரு நடிகருக்கு ஒரே ஆள் வருஷக்கணக்காகக் குரல் கொடுப்பார். ராபர்ட் டி நீரோ என்றால் இவர்களுக்கு கிறிஸ்டியான் ப்ருக்னர் என்பவருடைய குரல்தான். தெலுங்கில் கமலுக்கு எஸ்.பி.பி. குரல் கொடுத்த மாதிரி என்று நினைத்துக்கொள். நயன்தாராவுக்குப் பேசுகிற தீபா வெங்கட்டை நாம் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? இங்கே குரல் கொடுப்பவர்களுக்கென்று தனி மரியாதை இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆபீசில் என்னோடு வேலை செய்கிற ஒரு ஜெர்மன் பெண், நம் படங்களைக் காட்டச் சொல்லி வீட்டுக்கு வந்தாள். முதலில் ‘மகாராஜா’ போட்டேன். குப்பைத் தொட்டி காணாமல் போன கதைக்குள் இன்னொரு கதையை ஒளித்து வைத்த திறமையைப் பார்த்து அசந்துபோனாள். எனக்கும் விஜய் சேதுபதியை அதில் ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் ஒரு சின்னப் பெண்ணுக்கு நடக்கிற கொடுமையை, கடைசியில் எடுத்துக் காட்டுகிற சீட்டு மாதிரி வைத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டாம் தடவை பார்க்கும்போது அது இன்னும் உறுத்தியது.

அடுத்த வாரம் ‘லப்பர் பந்து’. கிரிக்கெட்டே தெரியாத ஊர், எப்படிப் பார்ப்பாளோ என்று பயந்தேன். ஸ்வாசிகா டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து மைதானத்தை உழுகிற இடத்தில் கைதட்டினாள். ஒரு இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னாள். “இவன் இவ்வளவு நன்றாக விளையாடுகிறானே, ஏன் டீமில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்?” சப்டைட்டிலில் வசனம் வருகிறதே தவிர, காரணம் அதற்குள் இல்லை. சாதியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். நமக்குச் சொல்லாமலே புரிகிற விஷயம், இன்னொருத்தருக்குச் சொல்ல ஆரம்பித்தால் வாய் கூசுகிறது. இத்தனை வருஷம் கூசாமல் எப்படி இருந்தேன் என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் படத்தின் நாயகர்களான கெத்துவும் அன்பும் முறைத்துக்கொண்டு நிற்கிற வீம்பு அவளுக்கு விளக்கமே இல்லாமல் புரிந்தது. தன் அப்பாவும் அண்ணனும் அப்படித்தான் என்றாள்.

‘கொட்டுக்காளி’ 2024 பிப்ரவரியில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது இந்த ஊர்த் திரைப்பட விழாவில்தான். நான் அப்போது போகவில்லை, பின்னால்தான் பார்த்தேன். பின்னணி இசையே கிடையாது. அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை, அவளைச் சுற்றியிருப்பவர்கள்தான் ஓயாமல் பேசுகிறார்கள். எங்கேயும் யாரும் அழச் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் போகிற ஆட்டோவின் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு அடைத்தது. நீ ஒரு தடவை பார்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை நான் தனியாகப் பார்க்கவில்லை. கீழ் வீட்டில் ஒரு ஈழத்து அம்மா இருக்கிறார், 80களில் வந்தவர். அவர் கூப்பிட்டார். சசிகுமாரும் சிம்ரனும் பிள்ளைகளோடு படகிலிருந்து இறங்குகிற காட்சியிலேயே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேசினால் ஊர் தெரிந்துவிடும், வாயைத் திறக்காதே என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்கிறார்களே, அதைப் பார்த்து நாம் சிரித்தோம் இல்லையா? அவர் சிரிக்கவில்லை. “நாங்களும் கொழும்பில இப்பிடித்தான் பிள்ளை, பஸ்ஸுக்குள்ள கதைக்க மாட்டம்” என்றார், அவ்வளவுதான். இவ்வளவு நல்லவர்களாக ஒரு தெருவே இருக்குமா என்று நீ கேட்டாய். இருக்காதுதான். ஆனால் அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிற ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால், அந்தக் குறையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது ‘மெய்யழக’னுக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் வந்த முதல் வாரமே நான் இங்கே பார்த்துவிட்டேன், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நீளம் என்று எல்லோரும் சொன்னதால் அப்புறம் சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். நீ பார்த்தது வெட்டிய படம். அதுவே உனக்கு இழுவையாக இருந்திருக்கிறது.

அந்த அரவிந்த்சாமி 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போகிறார், 22 வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக வருகிறார். கார்த்தி “அத்தான், அத்தான்” என்று உயிரை விடுகிறார். இவருக்கு அவன் யார், பெயர் என்ன என்றே ஞாபகம் இல்லை. கேட்கவும் வெட்கம். ராத்திரி முழுக்க அந்த வெட்கம்தான் அக்கா கதை. பேச்சு நீள நீள, அன்பு கூடக் கூட, பெயர் தெரியாதது பாரமாகிக்கொண்டே போகிறது. அதைப் பத்து நிமிஷத்தில் சொன்னால் அந்தப் பாரம் எப்படி ஏறும்? விடிவதற்குள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாரே, அந்த ஓட்டம் எனக்குத் தெரியும்.

மேல வீட்டுக் கல்யாணத்தில் நீ வீடியோ போட்டுக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? மீசை அரும்பிய ஒரு பையன் போனை வாங்கி, “சித்தி, என்னைத் தெரியுதா?” என்று கேட்டான். தெரியுதே என்று சிரித்தேன். எனக்குத் தெரியவில்லை. நான் கிளம்பும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தவன் அவன்தான் என்று பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. வெறும் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் ஏன் சீக்கிரம் போனை வைத்தேன் என்று நீ கேட்டாயே, இதுதான் காரணம்.

ஒரு உதவி செய். நீ மறுபடி பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அப்பாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டு. தாத்தா வீட்டை விற்ற பிறகு அப்பா அந்தத் தெரு வழியாகப் போனதே இல்லை, சுற்றிக்கொண்டுதான் போவார். எதற்காகப் போடுகிறாய் என்று சொல்லாதே. அத்தானையும் பக்கத்தில் இருக்கச் சொல். நடுவில் நிறுத்தாதே. அப்பா என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டால், எந்தக் காட்சியில் எழுந்தார் என்று எழுது.

அன்புடன்,
உன் தங்கை