பெயருக்கு நேரே பென்சிலில்

எங்கள் திருச்சபைச் சேகரத்தின் போதகர் ஐயரவர்களுக்கும் கமிட்டி அண்ணாச்சிமார்களுக்கும், தோத்திரம்.

போன மாதம் சேகரத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலைப் பார்க்க ஆலய அலுவலகத்துக்கு வந்தேன். மேசைமேல் கிடந்த பிரதியில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் பென்சிலில் ஓர் எழுத்து. தெருப் பெயராக்கும் என்று முதலில் நினைத்தேன். என் பெயருக்கு நேரே ஏதோ எழுதி, அழித்து, வேறொன்று எழுதி, அதையும் அழித்து, கடைசியில் ஒரு கேள்விக்குறி. அந்த இடத்தில் மட்டும் தாள் நைந்து கிடந்தது. அப்புறம்தான் விளங்கியது, அது சாதிக் குறி என்று.

நான் இந்தச் சபையில் பிறந்தவன் அல்ல. முப்பத்துநாலு வயதில், உங்கள் முன்னால்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். அதற்கு முந்தைய வகுப்பில் ஐயரவர்கள், மறுபடி பிறக்கவேண்டும் என்று இயேசு யாரிடம் சொன்னாரோ அந்த நிக்கொதேமுவைப் பற்றி நடத்தினார்கள். வயதான மனுஷன் தாயின் வயிற்றுக்குள் மறுபடி போய்ப் பிறக்க முடியுமா என்று அவன் கேட்டதும் கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம், வேலை, வாடகை வீடு என்று போன வாசலிலெல்லாம் பிறப்புக்குப் பதில் சொல்லி அலுத்தவன் நான். மறுபடி பிறக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அதைவிட நல்ல சேதி வேறு என்ன? நெற்றியில் ஊற்றிய தண்ணீர் சட்டைக் காலருக்குள் இறங்கியபோது, இனி நான் இன்னாருடைய பேரன் அல்ல, தேவனுடைய பிள்ளை என்று முழுசாக நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

அன்றைக்கே ஆராதனை முடிந்து வராண்டாவில் டீ குடிக்கும்போது ஒரு அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, நீங்க எந்த ஆளுக?" அன்பாகத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மேலா கீழா என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை.

இது புது வியாதி அல்ல. 1778-இல் பாளையங்கோட்டையில் ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற தஞ்சாவூர் பிராமண விதவை குளோரிந்தா. 1780-இல் எழுதிய அந்தச் சபையின் பட்டியலில் இருந்தவை நாற்பதே பெயர்கள். அந்த அம்மாள் முன்னின்று கட்டிய கோயில் 1785-இல் எழுந்தது. ஊர் அதை என்ன பெயரில் கூப்பிடுகிறது? பாப்பாத்தியம்மாள் கோயில். மறுபிறப்பில் கிடைத்த பெயரைவிட முதல் பிறப்பு எவ்வளவு கெட்டி பாருங்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று எழுதியனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டுப் போனார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1950-ஆம் வருட ஜனாதிபதி ஆணைப்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்துக்கொண்டார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. அரசாங்கம் நம் ஞானஸ்நானத்தை அவ்வளவு நம்புகிறது! அந்த ஆணை அநியாயம் என்று நாமும் பேரணி போகிறோம், போகத்தான் வேண்டும். சபைக்குள் வந்தும் சாதி விடவில்லை என்பதுதான் அங்கே நம் வாதம். அதற்கு ஆதாரத்தைப் பென்சிலில் எழுதி வைப்பதும் நாம்தானே, அண்ணாச்சி?

ஓட்டுக் கணக்குப் போடாமல் தேர்தல் நடக்காது என்பீர்கள். சரி, போடுங்கள். யார் நோயாளிகளைப் போய்ப் பார்க்கிறார், யார் அசன விருந்துக்கு விடியவிடிய அடுப்படியில் நிற்கிறார் என்று கணக்குப் போடுங்கள். பென்சிலில் எழுதிய அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

வருகிற ஈஸ்டர் அன்று மூன்று பேர் ஞானஸ்நானம் எடுக்கிறார்கள். டீ குடிக்கும்போது அவர்களிடம் பாட வருமா என்று கேளுங்கள். பாடகர் குழுவில் ஆண் குரல் குறைவு என்று போன கூட்டத்தில் நீங்கள்தானே வருத்தப்பட்டீர்கள்.

இப்படிக்கு,
கேள்விக்குறி போட்ட அங்கத்தினன்